கட்டுக்கரை வைக்கோல் யாருக்கு?

தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை கட்டுக்கரைக் குளத்தின் கீழ் பெரும்போக அறுவடை நடக்கிறது. அந்த நாட்களில் நானாட்டான், முருங்கன், உயிலங்குளம், அடம்பன் என்று எங்கே நின்றாலும் பேச்சு ஒன்றுதான். நெல் என்ன விலை போகிறது, நெல் சந்தைப்படுத்தும் சபை எப்போது கொள்வனவைத் தொடங்கும், ஈரத்தைக் காட்டி வியாபாரி மூடைக்கு எத்தனை கிலோ கழிக்கிறார். இவை எல்லாம் நியாயமான கவலைகள். ஆனால் அதே வயலில், நெல்லின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக இன்னொரு விளைச்சலும் கிடக்கிறது. அதை யாரும் நிறுப்பதில்லை. அதற்கு யாரும் கணக்கு எழுதுவதும் இல்லை.

வைக்கோல் எங்கள் வயல்களிலிருந்து மூன்று வழிகளில் போகிறது. சிலர் கொளுத்திவிடுகிறார்கள். சில வயல்களில் வெளியிலிருந்து வரும் இயந்திரம் கட்டித் தள்ள, லொறி ஏற்றிக்கொண்டு ஏ-14 வீதியால் மாவட்டத்தை விட்டே போய்விடுகிறது. மீதி, மாடு தின்றதும் மிதித்ததும் போக, மழை வெயிலில் உக்கிப்போகிறது. பிறகு ஏழெட்டு மாதம் கழித்து, ஐப்பசி கார்த்திகையில், அதே ஊர்களின் மாடுகள் தின்ன ஒன்றுமில்லாமல் காட்டோரத்தில் நிற்கின்றன.

கட்டுக்கரையில் தீவனப் பஞ்சம் என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பகுதி, வைக்கோலை வயலிலிருந்து தூக்கி, ஏற்றி, நனையாமல் எட்டு மாதம் வைத்திருக்க வழியில்லாத பஞ்சம் என்பதே என் வாதம். புல் இல்லாததும் உண்மை. மேய்ச்சல் தரவை பறிபோனதும் உண்மை. ஆனால் கையில் விளைந்ததைக் கையில் வைத்திருக்க முடியாமல் போனதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

வயல் பூட்டப்படும் மாதங்கள்

தெற்கில் மல்வத்து ஓயா என்று அழைக்கப்படும் அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து, கால்வாய் வழியாகக் கட்டுக்கரைக்கு நீர் கொண்டுவரப்படுகிறது. குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கும் மேல் பெரும்போகம் செய்யப்படுகிறது. சிறுபோகம் அப்படியல்ல. குளத்தில் மிஞ்சும் நீரைப் பார்த்து ஒரு பகுதிக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும். ஆகவே ஆண்டின் பெரிய வைக்கோல் விளைச்சல் மாசி பங்குனியில்தான் வருகிறது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. நீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, வாய்க்கால் துப்புரவு, அத்துடன் கால்நடைகளை வயல்வெளியிலிருந்து அகற்ற வேண்டிய திகதி ஆகியவை அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. அந்தத் திகதிக்குப் பிறகு வயலுக்குள் கண்ட மாடு பிடித்துக் கட்டப்படும். உரிமையாளர் தண்டம் கட்ட வேண்டும். பயிரைக் காப்பாற்ற இது தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாட்டை அகற்றச் சொல்லும் தீர்மானத்தில், மாடு அதன் பின்னர் என்ன தின்னும் என்பதற்கு ஒரு வரியும் இருப்பதில்லை.

அகற்றப்பட்ட மாடு எங்கே போகும்? கட்டுக்கரைக் குளமும் அதன் சுற்றாடலும் 1954 முதல் சரணாலயம். மடுப் பக்கத்துக் காடு 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மாட்டுக்காரருக்குக் காட்டோரமும் வீதியோரமும் உப்புத்தரையும்தான் மிஞ்சுகின்றன. அந்த மாதங்களில்தான் வாடைக்காற்றும் அடைமழையும் வருகின்றன. ஆண்டில் மாடு மிக மெலிந்திருக்கும் காலமும் அதுவே.

2022 டிசெம்பரில் மாண்டஸ் சூறாவளியின் குளிர்காற்று வீசியபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களுக்குள் செத்து விழுந்தன. ஏதோ கொள்ளைநோய் என்று முதலில் பயந்தார்கள். கடும் குளிரே காரணம் என்று கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அறிவித்தது. அந்த விளக்கம் சரியே. ஆனால் அது முழு விளக்கமல்ல. அசைபோடும் விலங்கு நார்த்தீவனத்தைத் தன் வயிற்றுக்குள் நொதிக்கவைக்கும்போது வெப்பம் உண்டாகிறது. வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாட்டுக்கு உள்ளே ஓர் அடுப்பு எரிகிறது. கூரையில்லாமல், வெறும் வயிற்றோடு, நனைந்த தோலோடு நின்ற மாட்டுக்கு அந்த அடுப்பு அணைந்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளம் மன்னாரின் தாழ்நிலங்களை மூழ்கடித்தபோது, இன்னொரு விதத்தில் அதே பாடம் கிடைத்தது. மாடுகளைக் கூட்டிச் சேர்க்க மேட்டுநிலமும் அங்கே போடத் தீவனமும் இல்லாதபோது, அவை தண்ணீர் வரும் இடத்திலேயே நிற்கும்.

நெல்லோடு வந்த வைக்கோல்

முன்பு இப்படி இருக்கவில்லை. அரிவாளால் வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, களத்தில் மாடு விட்டு மிதித்த காலத்தில் வைக்கோலுக்கென்று தனியாக ஏற்றுகூலி இல்லை. கதிரைத் தாளோடு களத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். களம் மேட்டில், வண்டிப்பாதைக்குப் பக்கத்தில் இருக்கும். வேலைகாரன் தடியால் வைக்கோலை உதறி இழுத்து ஒதுக்கிவிட்டால், அது ஏற்கனவே பாதி வீடு வந்த மாதிரி. வீட்டு வளவில் வைக்கோற்போர் எழும்புவது அறுவடையின் கடைசி வேலை. போரின் உயரத்தைப் பார்த்தே வீட்டுக்காரரின் நிலையைச் சொல்லிவிடுவார்கள்.

வெட்டும் இயந்திரம் இந்தச் சங்கிலியை அறுத்தது. நெல் வயலிலேயே மணியாகப் பிரிந்து மூடைக்குள் போகிறது. வைக்கோல் இயந்திரத்தின் பின்னால் நீள வரிசையாக விழுகிறது. ஒரு பகுதி நறுங்கிப் போகிறது. இன்னொரு பகுதி உயரமான அடிக்கட்டையாக நிற்கிறது. நெல்லை ஏற்றக் கூலி கொடுப்போம், ஏனென்றால் நெல்லுக்கு விலையுண்டு. நடு வயலில் பரந்து கிடக்கும் வைக்கோலை வாரி, சுமந்து, வீதிக்குக் கொண்டுவரும் கூலி முழுவதும் இப்போது வைக்கோலின் தலையிலேயே விழுகிறது. முன்பு அதன் பயணச் செலவை நெல் கட்டியது. இப்போது அது தானே கட்ட வேண்டும். கொளுத்துவது சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருக்குத் தீப்பெட்டியைவிட மலிவான வழி எதுவும் கொடுக்கப்படவில்லை.

இயந்திரத்துக்கு முன்னரே போர் இங்கே பலவற்றை எடுத்துக்கொண்டது. 1990 ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்களின் பட்டிகளும் வயல்களும் கைவிடப்பட்டன. 2008இல் அடம்பனையும் அதற்கு வடக்கே விடத்தல்தீவையும் இராணுவம் கைப்பற்றியபோது, மாந்தை மேற்கு மக்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு வன்னிக்குள் போனார்கள். அங்கிருந்து முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். திரும்பி வந்தபோது வண்டியும் இல்லை, கொட்டிலும் இல்லை, போர் கட்டத் தெரிந்த பெரியவர்கள் பலரும் இல்லை. கூடமாடச் சேர்ந்து வேலை செய்யும் வழக்கமும் அறுந்துபோயிருந்தது. மீள்குடியேற்றத்தோடு வாழ்வாதார உதவியாகக் கறவை மாடுகள் வந்தன. அந்தத் திட்டங்களில் எத்தனை, மாட்டோடு சேர்த்து வைக்கோல் வைக்க ஒரு கூரையையும் கணக்கில் எடுத்தன? மாடு கொடுத்த படம் பத்திரிகையில் வரும். வைக்கோற் கொட்டிலின் படம் எங்கும் வராது.

கட்டும் இயந்திரம் யார் கையில்

வைக்கோல் கட்டும் இயந்திரம் உலகில் பல அளவுகளில் உண்டு. பெரிய பண்ணைகளில் ஓடுபவை இருநூறு, முந்நூறு கிலோ எடையுள்ள உருளைகளைப் போடும். அவற்றைத் தூக்கத் தனி இயந்திரம் வேண்டும். அவை எங்கள் வரம்புகளுக்குள் திரும்பவே முடியாது. எங்களுக்குப் பொருந்துவது உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் சிறிய வகை. அது போடும் உருளை பதினைந்து முதல் இருபது கிலோ வரை இருக்கும். ஒரு பெண் தனியாகத் தூக்கலாம். கணவனை இழந்து, தானே மாடு வளர்த்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த ஊர்களில் இது சின்ன விடயமல்ல.

ஆனால் இயந்திரம் யாருடையதோ, வைக்கோல் போகும் திசையை அவரே தீர்மானிக்கிறார். கட்டுக்கரையின் கீழ் வைக்கோலுக்கு மூன்று பேர் சம்பந்தப்படுகிறார்கள். காணிக்காரர் ஒருவர். பல வேளைகளில் அவர் மன்னார் நகரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். குத்தகைக்குச் செய்பவர் இரண்டாமவர். அவருக்கு வயல் சீக்கிரம் வெளித்தால் போதும். மாட்டுக்காரர் மூன்றாமவர். அவருக்குக் காணியே இல்லாமல் இருக்கலாம். வெளியிலிருந்து இயந்திரத்தோடு வருபவர் முதல் இருவரோடும் பேசி, வயலைத் துப்புரவாக்கித் தருகிறேன் என்று சொல்லி வைக்கோலை இலவசமாகவோ சொற்ப காசுக்கோ எடுத்துக்கொள்கிறார். மூன்றாமவர் அந்தப் பேச்சிலேயே இல்லை. சில மாதங்களின் பின் அதே உருளையை வெளிமாவட்ட விலையில், ஏற்றுகூலியும் சேர்த்து, அவரே வாங்க வேண்டிவரும்.

விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் காவிரி டெல்டாவில் அறுவடை முடிந்த கையோடு இயந்திரம் வைக்கோலைக் கட்டுகிறது. லொறிகள் அதைக் கேரளத்துக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் கொண்டுபோகின்றன. விவசாயிக்கு அதில் ஒரு வருமானம் உண்டு. பஞ்சாபிலோ அடுத்த போகத்துக்கு இடையில் இருபது நாள்கூட இல்லாததால் இலட்சக்கணக்கான ஏக்கரில் தாளைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை டெல்லிவரை போகிறது. கட்டுக்கரையில் பெரும்பாலான வயல்கள் பங்குனிக்குப் பிறகு புரட்டாதி வரை சும்மா கிடக்கின்றன. பஞ்சாப் விவசாயிக்கு இருக்கும் அவசரம் எங்களுக்கு இல்லை. அப்படியிருந்தும் கொளுத்துகிறோம் என்றால், அது நேரத்தின் குறையல்ல, ஏற்பாட்டின் குறை.

ஒரு வீட்டின் கணக்கு

ஒரு நாட்டு மாட்டுக்குக் காலை மாலை சேர்த்து நாலு கிலோ வைக்கோல் போடுவதாக வைத்துக்கொள்வோம். மேய்ச்சலில் கிடைப்பதற்கு மேலதிகமாக இது. வயல் பூட்டியிருக்கும் நூறு நாட்களுக்கு 400 கிலோ. பதினைந்து கிலோ உருளையாகக் கணக்கிட்டால் இருபத்தேழு உருளைகள். பத்து மாட்டுக்கு நாலு தொன், அதாவது ஏறத்தாழ 270 உருளைகள்.

இது எத்தனை ஏக்கரின் வைக்கோல்? ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் விளைந்தால் ஏறத்தாழ அதே அளவு வைக்கோலும் விளையும். அதில் பாதி அடிக்கட்டையாகவும் நறுங்கலாகவும் வயலிலேயே போய்விடும் என்று வைத்தால், கட்டக்கூடியது ஒரு தொன். ஆக, பத்து மாட்டின் நூறு நாள் உயிர் நாலு ஏக்கர் வயலில் கிடக்கிறது. இருபதாயிரம் ஏக்கருக்கும் மேல் விளையும் ஒரு குளத்தின் கீழ் இது எட்டாத அளவல்ல.

ஏற்றிக்கொண்டு வருவதற்கான கணக்கும் பார்ப்போம். நாலு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் எழுபது எண்பது உருளைகள் பிடிக்கும். 270 உருளைகளுக்கு நாலு நடை. லான்ட்மாஸ்டர் பெட்டியென்றால் இருபத்தைந்து முப்பது உருளைகள், பத்து நடை. கட்டாத வைக்கோலை அப்படியே வாரி ஏற்றினால் நடைகள் மூன்று நாலு மடங்காகும். எரிபொருள் விற்கும் விலையில் அங்கேயே கணக்கு முறிந்துவிடும். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கட்டுவது ஆடம்பரமல்ல. ஏற்றக்கூடிய பொருளாக வைக்கோலை மாற்றுவது அந்தக் கட்டுதான்.

கட்டும் நேரம், ஏற்றும் விதம்

இந்த வேலையில் இழப்பும் ஆபத்தும் எங்கே வருகின்றன என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது ஈரம். மாசிப் பனி கடுமையானது. காலை ஒன்பது பத்து மணிவரை வைக்கோல் நனைந்தே இருக்கும். இயந்திரக்காரருக்கு நாளொன்றுக்கு எத்தனை உருளை என்பதே கணக்கு, அதனால் விடியற்காலையிலேயே தொடங்கப் பார்ப்பார். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரத்தோடு இறுக்கிக் கட்டிய உருளை உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். குவியலாக அடுக்கினால் தானாகவே தீப்பற்றும் அளவுக்கும் சூடு ஏறலாம். ஒரு பிடி வைக்கோலை எடுத்து முறுக்கிப் பாருங்கள். சடசடவென்று முறிந்தால் கட்டலாம். கயிறுபோல வளைந்தால் இன்னும் இரண்டு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடக்கூடாது, குறிப்பாகச் சினைமாட்டுக்கு. அதைக் கூட்டெருவுக்குத் தள்ளிவிடுவதே புத்தி.

இரண்டாவது ஏற்றுதல். பெட்டியின் அகலத்துக்கு வெளியே உருளைகளைத் தள்ளி அடுக்கினால் ஒரு நடை மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். வாய்க்கால் கட்டில் வரும்போது ஒரு பக்கச் சில்லு இறங்கினால் பெட்டியோடு சரிந்துவிடும். லான்ட்மாஸ்டரின் கைபிடி ஓட்டுபவரின் நெஞ்சில் அடிக்கும். அடியில் படுக்கையாக, மேலே போகப்போக உள்வாங்கி அடுக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கயிறாவது போட வேண்டும். மேலே ஆளை ஏற்றக்கூடாது. வீதிக்குக் குறுக்கே தாழத் தொங்கும் மின்கம்பியில் உயர்ந்த பாரம் பட்டு லொறியோடு எரிந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியாகின்றன. இங்கே கம்பிகள் அதைவிட உயரத்தில் தொங்குகின்றன என்று சொல்ல முடியாது. புகைபோக்கியின் பொறி இன்னொரு காரணம். இருட்டிய பின் விளக்கில்லாத பெட்டியோடு ஏ-14இலோ ஏ-32இலோ ஏறுவது, பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் குழி வெட்டுவதற்குச் சமம்.

மூன்றாவது கயிறு. உருளையைச் சுற்றிவரும் நைலோன் நூலை அறுத்து அங்கேயே போட்டால் மாடு வைக்கோலோடு சேர்த்து விழுங்கும். அது வயிற்றில் திரண்டு அடைக்கும். அறுத்த நூலை எண்ணி எடுத்து ஒரு பையில் போடுவதை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். எங்கள் மண்ணில் கம்பியும் ஆணியும் தகரத் துண்டும் குறைவில்லை. நறுக்கிப் போடும்போது ஒருமுறை உதறிப் பார்ப்பது நல்லது. பல ஆண்டு தரிசாகக் கிடந்த காணியின் ஓரத்தில் புல்லோ தாளோ அறுக்கப் போகிறவர்கள், சந்தேகமான பொருள் எதையும் தொடாமல் அறிவிக்க வேண்டும் என்பதைப் போருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். கண்ணிவெடி அகற்றும் பணியை முடிக்க இலங்கை ஏற்றுக்கொண்ட காலக்கெடு 2028 ஜூன்.

நான்காவது வைத்திருப்பது. 270 உருளைகளுக்குப் பதினாறடிக்குப் பதினாறடி நிலமும் எட்டடி உயரமும் போதும். பனங்குற்றி அடுக்கித் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தினால் கறையானும் ஈரமும் குறையும். ஓலைக்கூரை ஒவ்வொரு ஆண்டும் வேய வேண்டும், ஆனால் காற்றோட்டம் தரும். தறப்பாளை நேரடியாக மேலே போட்டு மூடினால் அடியில் வியர்த்து மேலடுக்கு அழுகும். இடையில் ஒரு முழம் இடைவெளி விட வேண்டும். குசினிக்கும் கொட்டிலுக்கும் இடையில் நல்ல தூரம் வேண்டும். வெள்ளம் வரும் வளவென்றால் ஊருக்குப் பொதுவான மேட்டில் வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வைக்கோல் சத்துக் குறைந்த தீவனம் என்பதும் உண்மை. அதில் புரதம் நூற்றுக்கு நாலைந்து பங்குக்கு மேல் இல்லை. அதை யூரியாவால் பதப்படுத்தும் முறை இலங்கையில் 1980களிலேயே ஆராயப்பட்டு விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை நூறு லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, பத்து நாளாவது வைத்தெடுத்தால் செரிமானமும் புரதமும் கூடும். அளவு தப்பினால் நஞ்சாகும். கரைந்த யூரியாத் தண்ணீரை மாடு குடிக்கக்கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இதைப் போடவே கூடாது. கால்நடை வைத்திய அலுவலகம் ஒருமுறை நேரில் செய்து காட்டினால் ஊரே பழகிக்கொள்ளும்.

மண்ணின் பங்கு

வைக்கோலை எல்லாம் வாரிக்கொண்டு போனால் வயல் என்னாகும் என்று கேட்கும் விவசாயிக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி சரியானது. ஒரு தொன் வைக்கோலோடு 14 முதல் 20 கிலோ வரை பொட்டாஷும், அதைவிடக் குறைந்த அளவில் நைதரசனும் பொஸ்பரசும் வயலைவிட்டுப் போகின்றன. கொளுத்தினால் சாம்பல் மிஞ்சும் என்று ஆறுதல் சொல்வார்கள். ஆனால் கொளுத்தும்போது நைதரசன் ஏறத்தாழ முழுவதும் போய்விடுகிறது. பொஸ்பரசில் கால்பங்கும் பொட்டாசில் ஐந்திலொரு பங்கும் போகின்றன. மிஞ்சிய சாம்பலைக் காற்று யாருடைய வயலுக்குக் கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே இரவில் நிறுத்தியபோது, சேதனப் பசளை எங்கே என்று வயலில் நின்று தேடினோம். அந்த மாசியில் கொளுத்தியதும் லொறியில் அனுப்பியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. தடை அந்த ஆண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது. அதன்பின் பசளை விலை பழைய இடத்துக்கு வரவில்லை. வைக்கோல் ஊருக்குள் நின்றால் அதன் சத்தும் ஊருக்குள் நிற்கும். மாடு தின்று போடும் எருவை வயலுக்குத் திருப்பலாம். கோடையில் வயலில் பட்டி அடைக்கும் பழைய வழக்கம் அதைத்தான் செய்தது. லொறியில் போகும் வைக்கோலோடு எங்கள் பொட்டாஷும் போகிறது. அதற்கு யாரும் விலை தருவதில்லை.

தரவைக்கு மாற்றல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை. வைக்கோலைச் சேமியுங்கள் என்ற யோசனையைப் பிடித்துக்கொண்டு, இனி மேய்ச்சல் தரவை எதற்கு என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. நானாட்டான் பக்கத்துக் கால்நடை வளர்ப்போர் புல்லறுத்தான்கண்டல் தரவைக்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் அத்துமீறிப் பயிரிடுவதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் நாடறிந்தது. மாடு வாழ நிலம் வேண்டும். வைக்கோல், நிலம் பூட்டப்படும் காலத்தின் பசியைத் தாண்ட உதவும் கைப்பிடி மட்டுமே. அதேநேரம், தரவை கிடைக்கும்வரை ஒவ்வொரு மார்கழியிலும் மாட்டைச் சாகக் கொடுத்துக்கொண்டிருப்பதும் போராட்டமாகாது.

கூட்டத்தில் பேச வேண்டியவை

புதிய அமைச்சோ பெரிய கடனோ இதற்குத் தேவையில்லை. கேட்கவேண்டிய இடம் ஏற்கனவே இருக்கிறது. கால்நடைகளை அகற்றும் திகதியைத் தீர்மானிக்கும் அதே பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கொளுத்தாமல் விட்டுவைக்க வேண்டிய நாட்களையும் தீர்மானிக்கலாம். எந்த வாய்க்காலில் எப்போது அறுவடை முடிகிறது என்பது கமக்காரர் அமைப்புகளுக்குத் தெரியும். அந்த வரிசையில் கட்டும் இயந்திரத்தை அனுப்பலாம். அந்தக் கூட்டத்தில் கால்நடை வளர்ப்போரின் பிரதிநிதிகளுக்கு, மாட்டைக் கட்டச் சொல்லிக் கேட்கும் இடம் மட்டுமல்லாமல், வைக்கோலில் பங்கு கேட்கும் இடமும் இருக்க வேண்டும்.

கட்டும் இயந்திரம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அல்லது கமக்காரர் அமைப்பின் கையில் இருந்தால் பேரம் மாறும். வெளியே விற்பதற்கு முன்னர் உள்ளூர் மாட்டுக்காரருக்கு ஒரு பங்கு, குறித்த விலையில், என்று எழுதிக்கொள்ளலாம். காணியில்லாத மாட்டுக்காரர் எருவைக் கொடுத்து வைக்கோலை வாங்கலாம். புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஊர்ச் சங்கங்கள் கேட்கும் உதவிப் பட்டியலில், கோயில் மண்டபத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அடுத்ததாக ஒரு சிறிய கட்டும் இயந்திரமும் நாலு பொதுக் கொட்டிலும் வரலாம். வயல் வீதிகளைத் திருத்தும்போது, நெல் லொறி போகும் வீதியோடு நின்றுவிடாமல் பெட்டி திரும்பக்கூடிய வாய்க்கால் முனைகளையும் சேர்க்கச் சொல்லி பிரதேச சபையிடம் கேட்க வேண்டும்.

மாட்டை இழந்தவர்களுக்கு மீண்டும் மாடு கொடுக்கும் திட்டங்கள் தொடர்ந்து வரும், வரவும் வேண்டும். அப்படி ஒன்று உங்கள் ஊருக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கார்த்திகையில் இந்த மாடு எதைத் தின்னும், அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? பதில் இல்லையென்றால் அந்தத் திட்டத்தின் ஆயுள் அடுத்த வாடைக்காற்று வரைதான். அறுவடை தொடங்கப் போகிறது. இந்தமுறை கூட்டத்தில் நெல்லின் விலையைப் பேசி முடித்த பிறகு, யாராவது ஒருவர் எழுந்து வைக்கோலைப் பற்றிக் கேட்க வேண்டும்.